மாலை கழற்றிய அடுத்த நாள்

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியும் இருக்கிறேன்):

“வணக்கம் டொக்டர். எனக்கு 43 வயது. வடமராட்சி. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள். 2009இல் வன்னியில் அண்ணாவைப் பறிகொடுத்த பிறகு நித்திரை வருவதற்காகக் குடிக்கத் தொடங்கினேன். போகப்போக விடிய எழும்புவதற்கும் குடி வேண்டும் என்றாகிவிட்டது. போன மாதங்களில் வைத்தியசாலை உளநலப் பிரிவில் பத்து நாள் தங்கி மருந்து எடுத்தேன். வந்து ஏழு கிழமை ஒரு சொட்டும் தொடவில்லை. பிறகு சுவிஸிலிருந்து வந்த மச்சான் கலியாண வீட்டில் போத்தில் உடைத்தபோது தொட்டுவிட்டேன். மூன்று நாள் விடாமல் குடித்தேன். நிறுத்தி இன்றைக்குப் பன்னிரண்டு நாள். வெட்கத்தில் கிளினிக்குக்குப் போகவில்லை. குடியை விட்டவர்கள் கூடும் குழு ஒன்றில் சேரும்படி டொக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதை எங்கே போய்த் தேடுவது? தெரிந்த ஆள் யாரும் அங்கே இருந்தால் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். அது வேதக்காரரின் கூட்டம் என்றும் சொல்கிறார்கள், நாங்கள் சைவம். நான் இரண்டு முறை ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம் முடியும்வரை குடிக்காமல் இருந்தவன். மாலை கழற்றிய அடுத்த நாளே தொடங்கியதும் உண்மைதான். ஆனாலும் மனம் வைத்தால் நானாகவே விடலாம் என்று நினைக்கிறேன். சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்றைப் பற்றி மனைவி விசாரித்துக்கொண்டிருக்கிறா. என்ன செய்யலாம்?”

அன்புள்ள தம்பிக்கு,

வெட்கத்தில் கிளினிக்குக்குப் போகவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். முதலில் அதைப் பார்ப்போம்.

இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள். ‘தொட்டுவிட்டேன், மூன்று நாள் குடித்தேன், நிறுத்திப் பன்னிரண்டு நாள்’ என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ஒரு தடவைகூட விழாமல் குடியை விட்டவர்கள் என் முப்பது வருட வேலையில் மிகச் சிலர்தான். உங்கள் டொக்டரும் இதைப் பார்த்துப் பழகியவராகத்தான் இருப்பார். கொப்பியில் எழுதிக்கொண்டு, மருந்தை மாற்ற வேண்டுமென்றால் மாற்றி, அடுத்த திகதியைப் போட்டுத் தருவார். ஒருவேளை ஏசினாலும் பரவாயில்லை, அந்த அடுத்த திகதிக்கும் போங்கள்.

அந்த மூன்று நாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே நிறுத்தி ஆபத்தில்லாமல் தப்பியது நல்ல காலம். நீண்ட காலம் கடுமையாகக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள், இடம் தெரியாத குழப்பம் வந்து, இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணில் தெரிவார்கள். இந்த நிலை உயிரையே எடுக்கக்கூடியது. வைத்தியசாலையில் என்றால் நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக் கொடுக்கும் மாத்திரையும் விட்டமின் பி1உம் தந்து இதைப் பத்திரமாகக் கடக்க வைப்பார்கள். ஆகவே இன்னொரு முறை அப்படித் தொடர்ந்து குடிக்க நேர்ந்தால், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நோன்பு இருப்பது போல இருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். குழு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, இனி மாலைக்கு வருவோம்.

இரண்டு முறை ஒரு மண்டலம், 41 நாள், தொடாமல் இருந்ததை உங்கள் மனவுறுதிக்குச் சாட்சியாகச் சொல்கிறீர்கள். அதில் மனவுறுதி இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். விடிவதற்கு முன் எழும்பிக் கிணற்றடியில் முழுகினீர்கள். கறுப்பு வேட்டி கட்டினீர்கள். அந்த வேட்டியைக் கண்டதும் தவறணைக் கூட்டாளிமார் தாங்களாகவே விலகிப் போனார்கள். ஒருவரும் உங்கள் கையில் கிளாஸைத் திணிக்கவில்லை. ஊரே உங்களைச் சாமி என்று கூப்பிட்டது, வேறு நாட்களில் ஏசும் வாயும் சேர்த்து. பின்னேரம் ஆறு மணிக்கு, கால் வழக்கமாகத் தவறணைப் பக்கம் இழுக்கும் அதே நேரத்தில், பத்துப் பதினைந்து சாமிமாரோடு பஜனையில் இருந்தீர்கள். ஒரு நாள் போகாவிட்டால் குருசாமி ஆள் அனுப்பி விசாரித்திருப்பார். அவர் பல தடவை மலைக்குப் போய் வந்தவர். எத்தனையாம் நாளில் உடம்பு சோரும், எப்போது கோபம் வரும் என்று முன்கூட்டியே சொல்லித் தந்திருப்பார்.

தம்பி, டொக்டர் சேரச் சொன்ன குழு என்பது இதுதான். நீங்கள் அப்படி ஒன்றில் ஏற்கெனவே இரண்டு தடவை இருந்துவிட்டீர்கள், அது வேலை செய்யும் என்றும் கண்டுவிட்டீர்கள். மாலையைக் கழற்றியபோது வேட்டியும் போயிற்று, சாமி என்ற பெயரும் போயிற்று, ஆறு மணிக்குப் போக ஒரு இடமும் இல்லாமல் போயிற்று. அடுத்த நாள் நீங்கள் குடித்ததற்குப் பக்திக் குறைவு காரணம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். திரும்பத் தனி ஆளாகிவிட்டீர்கள், அவ்வளவுதான். வைத்தியசாலையில் பத்து நாளும் அப்படித்தான்: வார்டில் ஆட்கள் இருந்தார்கள், வீட்டுக்கு வந்தபின் இல்லை. உங்கள் கடிதத்தில் தனியாக நின்று வென்ற ஒரு நாளைத் தேடினேன். ஏழு கிழமை கிடைத்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்கு மேல் தனியே இழுக்க வேண்டிய அவசியம் என்ன?

உலகமெங்கும் பரந்திருக்கும் இப்படியான குழு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏஏ என்பார்கள். அது தொடங்கிய விதம் உங்கள் கதைக்குக் கிட்டத்தான் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அக்ரன் நகரம். பில் என்பவர் வியாபார விஷயமாகப் போய், போன காரியம் கெட்டு, ஹோட்டலில் தனியே நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம். பக்கத்தில் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். அவர் உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலக் குடியில் மாட்டுப்பட்ட இன்னொருவர் இந்த ஊரில் இருக்கிறாரா, அவரோடு கதைக்க வேண்டும் என்று கேட்டு அலைகிறார். கிடைத்தவர் பொப் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். கால் மணி நேரம்தான் தருவேன் என்று வந்தவர் பல மணி நேரம் இருந்து கதைத்தார். அதற்குப் பிறகும் பொப் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் நாட்கணக்காகக் குடித்துவிட்டு வந்தார். பிறகு 1935 ஜூன் 10இல் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏஏயின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்பதையும், அதில் ஒருவர் சந்தித்த பிறகும் ஒரு தடவை விழுந்தவர் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

இது ஆறுதலுக்குக் கூடும் கூட்டம் மட்டும்தானே என்று கேட்பவர்கள் என் தொழிலிலும் இருக்கிறார்கள். 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களின் விபரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த மீளாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்டது. குடியை முற்றாக விட்டு இருப்பதில், ஏஏயும் அதில் ஆளை முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சையும் மற்ற உளச்சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, பல இடங்களில் கூடியவை என்பதுதான் அதன் முடிவு.

அங்கே என்னதான் நடக்கும்? சில கூட்டங்கள் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். சிலவற்றுக்கு வீட்டாரும் வைத்தியர்களும் வரலாம். இரண்டாவது வகைக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் செருப்புகள். உள்ளே வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள். வந்ததும் ஒரு பிளேன்ரீ. ஒருவர் அந்தக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ஒரு கையால் பிடித்தால் தளம்பிவிடும். பக்கத்தில் இருந்த வயதானவர் ஒன்றும் சொல்லாமல் தன் கிளாஸிலிருந்து அரைவாசியை வெளியே ஊற்றிவிட்டு, அந்த அரைக் கிளாஸை அவரிடம் கொடுத்து, நிறைந்ததைத் தான் வாங்கிக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் நிறைந்த கிளாஸைத் தூக்க முடியாமல் இருந்தவர். முப்பது வருடம் படித்தும் வேலை பார்த்தும் அது எனக்குத் தோன்றியிருக்காது.

பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கதைப்பார்கள். எப்படிக் குடித்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன், இவ்வளவுதான். இடையில் யாரும் குறுக்கே கதைப்பதில்லை, புத்திமதி சொல்வதில்லை. ‘இண்டைக்கு எனக்கு நாலாம் நாள்’ என்று ஒருவர் சொன்னால் கை தட்டுவார்கள். உங்கள் முறை வரும்போது, ‘நான் இன்றைக்குக் கேட்க வந்தேன்’ என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டணம் இல்லை. விரும்பியவர் செலவுக்கு ஏதாவது போடுவார். சேர்வதற்குக் குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தங்களை அறிமுகம் செய்வார்கள். பலருக்கு அந்தச் சொல் முதலில் தொண்டையில் சிக்கும். குடிகாரன் என்பது மற்றவர்கள் உங்கள் மேல் எறிந்த சொல். குடிநோயாளி, உங்கள் வருத்தத்துக்கு நீங்களே வைக்கும் பெயர். சொல்ல வரவில்லையென்றால் விடுங்கள், யாரும் வற்புறுத்த முடியாது.

தெரிந்த ஆள் இருப்பாரா? இருப்பார். யாழ்ப்பாணம் அவ்வளவு சின்ன இடம். ஆனால் அவரும் உங்களைப் போல அதே கதவால் உள்ளே வந்தவர்தான். யாரைக் கண்டோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோவதில்லை என்பது அவர்களின் அடிப்படை ஒழுங்கு. பெயரிலேயே அனானிமஸ், பெயர் சொல்லாதவர்கள், என்று இருக்கிறது. நூற்றுக்கு நூறு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அதனால் சொந்த ஊரை விட்டு வேறு பக்கத்துக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. வடமராட்சியிலிருந்து பட்டினத்துக்கு பஸ் ஏறுவதை யார் கேட்கப் போகிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு கடையில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வருவார். பல மாதம் அப்படி வந்தார். ஒரு நாள் சைக்கிளை வாசலிலேயே கொண்டுவந்து சாத்தினார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வேதக்காரரின் கூட்டமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏஏ கிறிஸ்தவச் சூழலில் பிறந்தது உண்மை. பல நாடுகளில் தேவாலய மண்டபங்களில் கூடுகிறார்கள், இடம் மலிவாகக் கிடைப்பதும் ஒரு காரணம். குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடவுள் என்ற சொல்லும் வருகிறது. ஆனால் ‘நாங்கள் விளங்கிக்கொண்டபடியான கடவுள்’ என்றுதான் வருகிறது. உங்களுக்கு அது பிள்ளையாராக இருக்கலாம், ஐயப்பனாக இருக்கலாம். கோவிலே வேண்டாம் என்றிருந்த ஒருவர், ‘எனக்கு மேலான சக்தி இந்த ஏழு பேரும்தான்’ என்று கூட்டத்திலேயே சொன்னார். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். யாராவது உங்களை மதம் மாறக் கேட்டால் அது ஏஏ இல்லை, எழும்பி வந்துவிடுங்கள். அதேபோல ஏழு நாளில் குணம் என்று பெருந்தொகை கேட்பவர்கள், வைத்தியசாலை மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள், கட்டிவைத்து அடித்துத் திருத்துகிறோம் என்பவர்கள் பக்கமும் போக வேண்டாம்.

இனித் தேடும் வேலை. நாளும் இடமும் மாறிக்கொண்டிருக்கும், ஆகவே எங்கேயோ எழுதிக் கிடக்கும் பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைக் காண வேண்டாம். ஆளிடம் கேளுங்கள். மந்திகை ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்ட. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. சாந்திகம் பல வருடமாக யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்கிற நிறுவனம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கும் அழைத்து, தமிழில் கதைக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்கும்போது ‘குடியை விட்டவர்கள் தாங்களே நடத்தும் கூட்டம்’ என்று தெளிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் விழிப்புணர்வுக் கருத்தரங்கு எதற்காவது அனுப்பிவிடுவார்கள்.

இதில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடமாக நான், குழுவில் சேருங்கள் என்று சொல்லி, ஒரு துண்டில் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்தத் துண்டுகள் சேட்டுப் பொக்கற்றுகளில் தோய்ந்து போயின. 1981இல் அமெரிக்காவில் 20 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு விபரத்தைச் சொல்லிப் போகச் சொன்னார்கள். மற்றப் பகுதிக்கு அறையில் இருந்தபடியே குழு அங்கத்தவர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கையில் கொடுத்தார்கள், அவர் முதல் கூட்டத்துக்குக் கூட்டிப்போக முன்வந்தார். இரண்டாவது பகுதியில் எல்லோரும் போனார்கள். முதல் பகுதியில் ஒருவர்கூடப் போகவில்லை. அதை வாசித்த பிறகு நானும் துண்டு எழுதுவதை விட்டேன். ஆகவே கிளினிக்கில் இடத்தைக் கேட்காமல் ஆளைக் கேளுங்கள்: ‘உங்களிடம் வந்து குடியை விட்ட ஒருவரிடம், அவருக்குச் சம்மதம் என்றால், என்னைக் கதைக்க விடுவீர்களா?’

பக்கத்தில் குழு இல்லை என்று பதில் வந்தாலும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏஏ நன்றாக வேரூன்றியிருக்கிறது. தமிழிலேயே கூட்டம் நடக்கிறது, சூமிலும் நடத்துகிறார்கள். கமராவை மூடிவிட்டு, இயர்போனைப் போட்டுக்கொண்டு, வளவில் மாமரத்தடியில் இருந்து கேட்கலாம். பேச்சு வழக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், சொல்லும் கதை ஒன்றாகவே இருக்கும். அப்புறம், இரண்டு மூன்று குடிநோயாளர்கள் குடிக்காமல் இருப்பதற்காகக் கூடினாலே அது ஒரு குழு என்பது ஏஏயின் சொந்த விதி. உங்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இப்போது எப்படி இருக்கிறார்? அவரைக் கண்டால் ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். அவரும் உங்களைப் போல வெட்கத்தில் வீட்டுக்குள் இருக்கக்கூடும்.

ஒரே கூட்டத்தோடு முடிவு எடுக்காதீர்கள். முதல் நாள் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆறு தடவை போய்விட்டுப் பிறகு சொல்லுங்கள்.

மனைவிக்கு இரண்டு வார்த்தை. தங்கச்சி, அந்தத் தூளை வாங்காதீர்கள். இப்படி விற்பவற்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. குடித்தால் ஒத்துவராமல் செய்யும் டைசல்பிராம் என்ற உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது. அதைக்கூட ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டொக்டர் பார்த்துத் தந்தால் மட்டும்தான். அதோடு, சோற்றில் கலந்தது என்றைக்காவது தெரியவந்தால், பிறகு நீங்கள் போட்ட சோற்றை அவர் எந்த மனதோடு சாப்பிடுவார்? உங்களுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து, குடிப்பவர்களின் வீட்டாருக்காகத் தொடங்கிய அல்-அனான். போத்திலைத் தேடித் தேடிக் களைத்த மனைவிமார் அங்கே தங்கள் கதையைச் சொல்வார்கள். கணவன் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

தம்பி, அண்ணாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நித்திரைக்காகத் தொடங்கினேன் என்கிறீர்கள். அந்த நித்திரையைக் கெடுத்தது இன்னும் அங்கேயே இருக்கக்கூடும். கனவு வருகிறதா, திடுக்கிட்டு எழும்புகிறீர்களா, மே மாதம் கிட்டும்போது கூடுகிறதா என்று டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. குழுவில் அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் வன்னியிலிருந்து வந்த யாராவது ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது, நீங்கள் பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லாதது அவர் வாயால் வரக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்குத் திரும்ப வருவார், பையில் போத்திலும் வரும். அவரை எதிரியாக்க வேண்டாம். முதல் நாளே, ‘எனக்கு டொக்டர் மறித்திருக்கிறார்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகும் கை நீண்டால், எழும்பி முற்றத்துக்கு வந்து போன் பண்ணுவதற்கு ஒரு ஆளின் இலக்கம் உங்கள் போனில் இருக்க வேண்டும். இந்தக் கிழமை கிளினிக்குக்குப் போவது அந்த இலக்கத்தை வாங்கத்தான். கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள்.